அமெரிக்காவின் பிறந்தநாளும் மொய் நோட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தவணையாக வாசியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறான். போனில் பேசும்போது கேட்டான்: "டீச்சர், இந்த 2026 ஜூலை 4 வந்தா இந்த நாட்டுக்கு 250 வயசு. ஆனா விழா சம்பந்தமா எதைப் பார்த்தாலும் கீழே கம்பெனி பேரு இருக்கு. நாட்டோட பிறந்தநாளுக்குக் கம்பெனிக்காரங்க ஏன் செலவு பண்றாங்க? கவர்மென்ட்கிட்ட பணம் இல்லையா?"

"நம்ம ஊர்ல கல்யாணம்னா மொய் எழுதுறதில்லையாடா, அது மாதிரிதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அந்தப் பதிலை நானே யோசித்துப் பார்த்தேன்.

நம் ஊரில் பொதுக் காரியத்துக்குப் பணம் மூன்று வழியாக வரும். ஒன்று வரி. ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். இரண்டாவது மொய். மொய் தானம் இல்லை. நோட்டில் பேர் ஏறும். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வர வேண்டும். மூன்றாவது உண்டியல். போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவரும் எதையும் திருப்பிக் கேட்க மாட்டார்.

அமெரிக்கா தன் பிறந்தநாளை ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு ஒரு தடவை கொண்டாடிய கதையைப் பார்த்தால் இந்த மூன்றும் மாறி மாறி வருகின்றன. பணம் எந்த வழியாக வந்தது, பேர் யாருக்குப் போனது, மேடையில் யார் நின்றார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால், பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு ஒன்று கிடைக்கிறது.

1876: நூறாவது ஆண்டு

1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியா நகரில் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. நூறு ஆண்டு நிறைவை அதே நகரில் ஓர் உலகப் பொருட்காட்சி வைத்துக் கொண்டாடத் தீர்மானித்தார்கள். 1871-ல் அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், இதற்காக ஓர் ஆணையத்தைச் சட்டம் போட்டு அமைத்தது. அதே சட்டத்தில் ஒரு விதியையும் சேர்த்தது: இந்தப் பொருட்காட்சியின் செலவுக்கு மத்திய அரசு பொறுப்பாகாது.

விழா நாட்டின் பேரில் நடக்கும், செலவு மட்டும் நாட்டுக் கஜானாவில் இருந்து வராது. அப்படியானால் பணம்? அடுத்த ஆண்டு, 1872-ல், ஒரு நிதிக் குழுமத்தை அமைத்தார்கள். பங்கு ஒன்று 10 டாலர். மொத்தம் 1 கோடி டாலர் வரை பங்கு விற்கலாம். நாட்டின் நூற்றாண்டில் சாதாரண மக்களும் பங்குதாரர்கள் ஆகலாம், லாபம் வந்தால் பங்கும் கிடைக்கும் என்பது ஏற்பாடு.

1873 செப்டம்பரில் இடி விழுந்தது. பிலடெல்பியாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஜே குக் என்பவரின் பெரிய வங்கி நிறுவனம் ரயில்வே கடன் பத்திரங்களில் மாட்டிக்கொண்டு கவிழ்ந்தது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்க வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன, வேலை போனது. இந்த நிலையில் யார் பொருட்காட்சிக்குப் பங்கு வாங்குவார்கள்? திட்டமிட்ட தொகையில் பெரும்பகுதி வந்து சேரவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது வரிப்பணம்தான். பென்சில்வேனியா மாநிலம் 10 லட்சம் டாலர் கொடுத்தது. பிலடெல்பியா நகரம் 15 லட்சம் கொடுத்தது. பொறுப்பாக மாட்டேன் என்று சொன்ன காங்கிரஸும், திறப்பு விழாவுக்குச் சில மாதங்களே இருந்தபோது 15 லட்சம் டாலர் கொடுத்தது.

1876 மே 10 அன்று குடியரசுத் தலைவர் கிராண்ட்டும் பிரேசில் நாட்டுப் பேரரசர் இரண்டாம் பெட்ரோவும் சேர்ந்து கார்லிஸ் என்ற ராட்சத நீராவி இயந்திரத்தை இயக்கி வைத்தார்கள். கிரஹாம் பெல் தன்னுடைய தொலைபேசியைக் காட்டியதும் இந்தப் பொருட்காட்சியில்தான். நவம்பர் 10 வரை நடந்தது. ஏறக்குறைய ஒரு கோடி வருகை பதிவானது. அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடிக்கும் குறைவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் 50 சென்ட். ஒரு கூலித் தொழிலாளிக்கு அது சற்றேறக்குறைய அரைநாள் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சி மூடியிருக்கும். தொழிலாளிக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் ஞாயிறு.

பொருட்காட்சி முடிந்து கணக்கை மூடும்போது ஒரு வழக்கு வந்தது. காங்கிரஸ் கொடுத்த 15 லட்சம் மானியமா, கடனா? பங்குதாரர்களுக்கு லாபம் பிரிக்கும் முன் அரசின் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. "லாபம் வந்தால்தானே அந்தப் பேச்சு? முதலில் நாங்கள் போட்ட முதலைத் திருப்பிக் கொடுங்கள்" என்பது பங்குதாரர் தரப்பு. 1877-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசின் 15 லட்சம் முழுவதும் முதலில் போக வேண்டும், மிச்சம்தான் பங்குதாரர்களுக்கு. பத்து டாலர் கொடுத்தவருக்குப் போட்ட முதலில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. அழகாக அச்சடித்த பங்குப் பத்திரம் மட்டும் வீட்டில் மிஞ்சியது.

வசூல் செய்தவர்கள் பெண்கள்

அந்தப் பங்குகளை வீடு வீடாகப் போய் விற்றவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். பெஞ்சமின் பிராங்க்ளினின் வம்சத்தில் வந்த எலிசபெத் டுவேன் கில்லஸ்பி என்ற அம்மையார் தலைமையில் மகளிர் குழு ஒன்று இயங்கியது. தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு வசூலித்தார்கள். தேநீர் விருந்து வைத்துப் பணம் சேர்த்தார்கள். பிரதான மண்டபத்தில் பெண்களின் வேலைப்பாடுகளுக்குத் தனி இடம் ஒதுக்குவதாக அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

1875-ல் பதில் மாறியது. வெளிநாட்டுக் காரர்களே நிறைய இடம் கேட்கிறார்கள், உங்களுக்கு இடமில்லை; வேண்டுமானால் தனிக் கட்டடம் கட்டிக்கொள்ளுங்கள், அதற்கான பணத்தையும் நீங்களே திரட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் பெண்கள் சோர்ந்து உட்காரவில்லை. மறுபடி கிளம்பி, சுமார் 30,000 டாலர் சேர்த்து, மகளிர் மண்டபம் என்ற தனிக் கட்டடத்தையே எழுப்பினார்கள். அங்கே நீராவி இயந்திரத்தை இயக்கியவரும் எம்மா அலிசன் என்ற பெண்தான். பார்க்க வந்தவர்கள் அதைத்தான் அதிசயமாகப் பார்த்தார்களாம்.

வசூலுக்குக் கூப்பிட்டவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்களா? 1876 ஜூலை 4 அன்று பிலடெல்பியா சுதந்திர மண்டபத்தில் விழா. பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. ஆனால் சொத்து வைத்திருந்த பெண்கள் வரி கட்ட வேண்டும். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி போடாதே என்று சொல்லி பிரிட்டனை எதிர்த்து உருவான நாடு அது! சூசன் பி. அந்தோனியும் அவருடைய தோழிகளும் பெண்கள் உரிமைப் பிரகடனம் ஒன்றை மேடையில் சமர்ப்பிக்க அனுமதி கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். அன்று சுதந்திரப் பிரகடனம் வாசித்து முடித்ததும் ஐந்து பெண்கள் எழுந்து நேராக மேடைக்குப் போய், தலைமை வகித்தவர் கையில் அதைக் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் பிரதிகளைக் கொடுத்துக்கொண்டே வெளியே வந்து, மண்டபத்துக்கு எதிரில் நின்று உரக்க வாசித்தார்கள். வெயிலுக்கு ஒருவர் குடை பிடித்தார்.

இன்னொரு சம்பவம் மே 10, திறப்பு நாளில். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமை ஒழிப்புக்காக வாழ்நாள் முழுக்கப் பேசிய பிரெடரிக் டக்ளஸ் மேடையில் அமர அழைக்கப்பட்டிருந்தார். காவலுக்கு நின்ற போலீஸார் அவரை உள்ளே விடவில்லை. செனட்டர் ஒருவர் வந்து சொன்ன பிறகே விட்டார்கள். நாட்டின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவரான அவரை அன்று பேசச் சொல்லவும் இல்லை.

தலைக்கட்டு வரி வாங்கும்போது எல்லா வீட்டிலும் வாங்கிவிட்டு, முதல் மரியாதை கொடுக்கும்போது மட்டும் சில வீடுகளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

சுதந்திர தேவியும் மழலையர் வகுப்பும்

அதே பொருட்காட்சியில் மைதானத்தில் ஒரு பிரம்மாண்டமான செம்புக் கை நின்றது. கையில் தீப்பந்தம். 50 சென்ட் கொடுத்தால் மேலே ஏறிப் பார்க்கலாம். நூற்றாண்டு நினைவாக பிரான்ஸ் நாட்டு மக்கள் கொடுக்க நினைத்த சுதந்திர தேவி சிலையின் கை அது. சிலைக்கான பணத்தை பிரெஞ்சு மக்கள் நன்கொடை, விருந்து, லாட்டரி என்று பல வழிகளில் சேர்த்தார்கள். சிலையை நிறுத்தப் பீடம் கட்டுவது அமெரிக்கர்கள் பொறுப்பு.

அந்தப் பீடம்தான் எழும்பவில்லை. 1884-ல் நியூயார்க் மாநில சட்டமன்றம் 50,000 டாலர் ஒதுக்கியது. ஆளுநர் குரோவர் கிளீவ்லாந்து கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸிடம் கேட்ட ஒரு லட்சமும் கிடைக்கவில்லை. பணக்காரர்களும் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. நிதி சேர்க்க 1883-ல் ஓர் ஏலம் நடத்தினார்கள். அந்த ஏலத்துக்காக எம்மா லாசரஸ் எழுதிக் கொடுத்ததுதான் 'தி நியூ கொலோசஸ்' என்ற புகழ்பெற்ற கவிதை. அகதிகளையும் ஏழைகளையும் வரவேற்கும் அந்தக் கவிதை, பீடத்துக்குக் காசு சேர்க்கப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1885 மார்ச்சில் ஜோசப் புலிட்சர் களத்தில் இறங்கினார். ஹங்கேரியில் இருந்து வெறுங்கையோடு வந்து குடியேறியவர். அப்போது 'தி வேர்ல்டு' என்ற நியூயார்க் பத்திரிகையின் உரிமையாளர். கோடீஸ்வரர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், மக்களே கொடுங்கள் என்று எழுதினார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பேரைப் பத்திரிகையில் போடுவேன் என்றார்.

இது நம் மொய் நோட்டேதான்! ஆனால் ஒரு வித்தியாசம். மொய் நோட்டில் ஆயிரம் எழுதியவர் பேரை மைக்கில் சத்தமாக வாசிப்பார்கள், ஐம்பது எழுதியவர் பேர் அடியில் போய்விடும். புலிட்சரின் நோட்டில் சில்லறை கொடுத்தவர் பேரும் ஏறியது. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரில் இருந்து ஒரு மழலையர் வகுப்பு 1 டாலர் 35 சென்ட் சேர்த்து அனுப்பியது. அந்த வகுப்பு ஆசிரியை யாரோ, அந்தப் பிள்ளைகளிடம் சிலையைப் பற்றி எப்படிச் சொன்னாரோ என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதம் சிலை 214 பெட்டிகளில் நியூயார்க் வந்து இறங்கியது. ஆகஸ்ட் 11 அன்று புலிட்சர் வைத்த ஒரு லட்சம் டாலர் இலக்கு தாண்டியது. கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. பீடத்தின் மொத்தச் செலவும் இதில் அடங்காது, ஒரு பகுதியைக் குழுவினர் முன்பே சேர்த்திருந்தார்கள். ஆனாலும் நின்றுபோன வேலையை நடத்தி முடித்தது இந்தச் சில்லறைதான். புலிட்சருக்கும் நஷ்டமில்லை. தன் பேரைப் பார்க்க வாங்கியவர்களால் பத்திரிகை விற்பனையும் கூடியது.

1886 அக்டோபர் 28 அன்று திறப்பு விழா. தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே குரோவர் கிளீவ்லாந்து. ஆளுநராக இருந்து 50,000 டாலரைத் தடுத்தவர், அதற்குள் குடியரசுத் தலைவர் ஆகியிருந்தார். சிலை பெண், ஆனால் தீவில் நடந்த விழாவுக்கு ஒரு சில பெண்களைத் தவிர மற்றவர்களுக்கு அழைப்பில்லை. வாக்குரிமைச் சங்கத்துப் பெண்கள் தனியாக ஒரு படகை வாடகைக்கு எடுத்து, தண்ணீரில் இருந்தபடியே தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள்.

1926: மழையில் கரைந்த விழா

150-வது ஆண்டுக்கும் பிலடெல்பியா பொருட்காட்சி வைத்தது. இந்தத் தடவை பெரும் பாரம் நகரத்தின் தலையில். திறப்பு நாளில் பாதி வேலை முடியவில்லை. பிறகு விடாத மழை. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1927-ல் பொருட்காட்சி நிர்வாகம் கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்தவர் கைக்குக் கணக்குப் போனது. கொண்டாட்டம் நாட்டுக்கு, கடன் ஒரு நகரத்துக்கு என்று ஆனது.

1976: வாங்குங்கள், வாங்குங்கள்

இருநூறாவது ஆண்டுக்குப் பத்து வருடம் முன்பே, 1966 ஜூலை 4 அன்று, காங்கிரஸ் ஆணையம் அமைத்துவிட்டது. பிலடெல்பியாவில் மறுபடி உலகப் பொருட்காட்சி வைக்கும் யோசனை 1972-ல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டே ஆணையத்தின் உள் ஆவணங்கள் வெளியே கசிந்தன. கட்சி அரசியலும் வியாபார நோக்கமும் அதற்குள் புகுந்துவிட்டதாகப் பெரிய சர்ச்சை. 1973 டிசம்பரில் காங்கிரஸ் ஆணையத்தைக் கலைத்துவிட்டுப் புதிய நிர்வாக அமைப்பைக் கொண்டுவந்தது.

புதிய அமைப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரே ஊரில் ஒரே விழா என்பதை விட்டுவிட்டுப் பணத்தையும் பொறுப்பையும் ஊர்களுக்குப் பிரித்தது. அதிகாரப்பூர்வ சின்னத்தைப் பொருள்களில் போட்டுக்கொள்ள உரிமத் தொகை வாங்கினார்கள்; நினைவுப் பதக்கம் விற்றார்கள். அதில் வந்ததை மாநிலங்களுக்கு உதவித் தொகையாகக் கொடுத்தார்கள். நீங்கள் பாதி போட்டால் நாங்கள் பாதி என்ற கணக்கு. 12,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்துகொண்டன. பூங்கா, நூலகம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என்று ஒவ்வோர் ஊரும் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ள முடிந்தது.

இன்னொரு பக்கம் கடைத்தெரு. கோப்பை, தட்டு, தொப்பி, சட்டை எல்லாவற்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலம். இருநூற்றாண்டுக்கு ஆங்கிலத்தில் 'பைசென்டென்னியல்' என்று பேர். அதே ஒலியில் 'பை' என்றால் வாங்கு. அதைச் சேர்த்து, 'வாங்கு நூற்றாண்டு' என்று பொருள் வரும்படி மக்கள் கேலிப் பேர் வைத்தார்கள்.

பெரிய கம்பெனிகள் பெரிய மொய் எழுதின. அரிய ஆவணங்களையும் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு 48 மாநிலங்களைச் சுற்றி வந்த 'சுதந்திர ரயில்' கம்பெனிகள் கொடுத்த பணத்தில் ஓடியது. ஜெனரல் மோட்டார்ஸ், பெப்சி போன்றவை தலைக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தன. ஷெல் எண்ணெய்க் கம்பெனி 1974 ஜூலை 4 முதல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தினமும் இரவு ஒரு நிமிட வரலாறு சொன்னது. பிரிட்டனிடம் இருந்து விடுதலை பெற்ற கதையை, பிரிட்டனிலும் ஹாலந்திலும் வேர் உள்ள ஒரு கம்பெனி செலவு செய்து சொன்னது!

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்கப் புரட்சிக்கு முன்னோடியான சம்பவம் 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது. யாருடைய தேயிலை? நம் சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கடனில் தள்ளாடிய அந்தக் கம்பெனியைத் தூக்கிவிட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சிறப்புச் சலுகை கொடுத்துச் சட்டம் போட்டது. அந்தச் சலுகைக்கும் வரிக்கும் எதிர்ப்பாகத்தான் பெட்டிகள் கடலுக்குப் போயின.

சரியாக 200 ஆண்டு கழித்து, 1973 டிசம்பர் 16 அன்று, பாஸ்டனில் அதன் நினைவு விழா. பெட்ரோல் தட்டுப்பாட்டு நேரம். மக்கள் இருநூற்றாண்டுக் குழு என்ற போராட்ட அமைப்பினர் வந்து, எண்ணெய்க் கம்பெனிகளைக் கண்டித்துக் காலி எண்ணெய் டிரம்களைத் தண்ணீரில் தள்ளினார்கள். கம்பெனிக்குக் கொடுத்த சலுகையை எதிர்த்துத் தொடங்கிய கதையைக் கம்பெனிப் பணத்தில் கொண்டாடலாமா என்பது அவர்கள் கேள்வி.

1986: சென்ட் அதே, பேர் வேறு

சுதந்திர தேவிக்கு நூறு வயது நெருங்கியபோது சிலை துருப்பிடித்து, பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்தது. அரசுப் பணம் வேண்டாம், தனியாரே கொடுக்கட்டும் என்று ரீகன் அரசு முடிவு செய்தது. 1982-ல் கிறைஸ்லர் கார் கம்பெனித் தலைவர் லீ அயகோக்கா வசூலுக்குப் பொறுப்பேற்றார். அவருடைய பெற்றோர் இத்தாலியில் இருந்து வந்தவர்கள். பள்ளிக் குழந்தைகள் இந்தத் தடவையும் காசு சேர்த்து அனுப்பினார்கள்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி 1983-ல் ஓர் அறிவிப்பு செய்தது. எங்கள் அட்டையை நீங்கள் ஒரு தடவை பயன்படுத்தினால் சிலைக்கு ஒரு சென்ட் கொடுப்போம், புதிதாக அட்டை வாங்கினால் ஒரு டாலர். சில மாதங்களில் 17 லட்சம் டாலர் சேர்ந்து சிலைக்குப் போனது. அட்டைப் பயன்பாடு 28 சதவீதம் ஏறியது. நல்ல காரியத்தோடு வியாபாரத்தைச் சேர்க்கும் இன்றைய விளம்பர முறைக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறார்கள்.

1885-ல் ஒரு சென்ட் கொடுத்த பிள்ளையின் பேர் பத்திரிகையில் வந்தது. 1983-ல் ஒவ்வொரு சென்ட்டும் மக்கள் செலவழித்ததால் பிறந்தது. ஆனால் பேர் அட்டைக் கம்பெனிக்கு. சிலைக்குப் பணம் வந்ததும் உண்மை, அதைக் குறை சொல்லவில்லை. நோட்டில் பேர் மாறியதை மட்டும் சொல்கிறேன்.

1986 ஜூலை விழாவின் பிரத்யேக ஒளிபரப்பு உரிமையை ஏபிசி தொலைக்காட்சி ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. அதற்குச் சில மாதம் முன், பிப்ரவரியில், உள்துறைச் செயலாளர் டொனால்ட் ஹோடல், அயகோக்காவை அரசின் ஆலோசனை ஆணையத்தில் இருந்து நீக்கினார். பணம் வசூலிக்கும் அமைப்புக்கும், அதை எப்படிச் செலவழிக்கலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஆணையத்துக்கும் ஒரே ஆள் தலைவராக இருக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். அதில் அரசியல் இருந்ததா என்று அன்றே பெரிய விவாதம் நடந்தது. அதை விட்டுவிடுங்கள். வசூல் செய்பவரும் செலவை முடிவு செய்பவரும் ஒருவராக இருக்கலாமா என்ற கேள்வி நம் ஊர்த் திருவிழாக் குழு வரைக்கும் பொருந்தும்.

யாருடைய பணம்?

இப்போது 250. 2016-ல் காங்கிரஸ் இதற்கென ஆணையம் அமைத்தது. அதன் பக்கத்தில் நன்கொடை வாங்க ஓர் அறக்கட்டளை. 2025 ஜனவரியில் வெள்ளை மாளிகை தனியாக ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்த ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டத்துக்குள் 250-வது ஆண்டு விழாவுக்கென்று 15 கோடி டாலர் அரசுப் பணமும் ஒதுக்கப்பட்டது. வரியும் மொய்யும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "தனியார் பணம், அரசுக்குச் செலவில்லை" என்று சொல்வது முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு. விளம்பரமாகச் செலவழித்தால் அது கம்பெனியின் வியாபாரச் செலவில் கழியும். கழிந்த அந்த வரி கஜானாவுக்கு வராத பணம். ஆக, கம்பெனி எழுதும் மொய்யில் ஒரு பங்கு, பேர் எழுதாமல் எல்லாக் குடிமக்களும் போட்டது.

நம் நாட்டிலும் 75-வது சுதந்திர ஆண்டில் இதே கலப்பு நடந்தது. லாபம் ஈட்டும் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. வீடுதோறும் மூவர்ணக் கொடி இயக்கத்துக்குச் செலவிட்டால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும் என்று 2022 ஜூலை 26 அன்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போகிற அதே பையில் இருந்துதான் கொடிக்கும் எடுக்க வேண்டும். கொடி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பையில் இருந்து எடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பிள்ளை கேட்ட கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். தம்பி, அரசிடம் பணம் இல்லாமல் இல்லை. வரிப்பணத்தில் விழா எடுத்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி வரும், தணிக்கை வரும். கம்பெனிப் பணம் என்றால் கேள்வி குறையும். கம்பெனிக்கோ நாட்டுப்பற்றின் நிழலில் தன் பேர் நிற்கும். இருவருக்கும் வசதி. அரசுப் பணம் மட்டும் போட்டால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 1876-ல் வரிப்பணமும் இருந்தது, டக்ளஸை வாசலில் நிறுத்தினார்கள். 1972-ல் அரசு ஆணையமே அரசியலில் சிக்கியது. அதனால் யார் கொடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், கணக்கை யாருக்குக் காட்டுகிறார்கள், யாருடைய கதையைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று சேர்த்துக் கேள். உன் பிள்ளையின் பள்ளியில் விழா நடந்தால் இதைக் கேட்கச் சொல்லிக் கொடு.

பள்ளியில் டிசம்பர் 7 கொடிநாளுக்கு நாங்கள் வசூல் செய்வோம். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் காகிதக் கொடி. அப்போது நாலணா கொண்டுவரும் பிள்ளையும் உண்டு, ஐந்து ரூபாய் கொண்டுவரும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ஒரே கொடிதான். ஒரு வருடம் ஒரு சின்னப் பெண் மேசைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், காசு நாளைக்குக் கொண்டாரேன். கொடியை இன்னைக்கே குத்திக்கலாமா?"

குத்திவிட்டேன். மறுநாள் மறக்காமல் பத்துப் பைசா கொண்டுவந்து கொடுத்தாள். வசூல் நோட்டில் அவள் பேரையும் மற்றவர்கள் பேரோடு வரிசையாக எழுதினேன்.

உங்கள் ஊரில் சுதந்திரப் பொன்விழா, பவளவிழா எப்படி நடந்தது, செலவை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.